தனலெட்சுமியின் கோழிகள்

ரப்பர் விலை விழுந்து கிடந்த 1931ஆம் வருடத்தில், மலாயாவில் கோத்தா திங்கியை ஒட்டிய தோட்டம் ஒன்றில் பாதிப் பேருக்கு வேலை போயிற்று. போனவர்களை நாகப்பட்டினத்துக்குக் கப்பல் ஏற்றி அனுப்பினார்கள். லெட்சுமணனும் அவன் மனைவி ராசம்மாவும் ஏறவில்லை. அவனுக்கு அங்கே முகம் தெரிந்தவர் ஒருவரும் உயிரோடு இல்லை. அவள் பிறந்ததே தோட்டத்து லயத்தில், கூலிகளின் வரிசை வீட்டில். கப்பலுக்குப் பெயர் எழுத ஆள் வந்தபோது இருவரும் விறகு பொறுக்கக் காட்டுப் பக்கம் போய்விட்டார்கள்.

அவர்களுக்கு இடம் கொடுத்தவர் சாதிக் பாட்சா. படகுத்துறைக்கு எதிரே மளிகைக் கடை வைத்திருந்தவர். ஆற்றோர மலாய்க் கிராமங்களான கம்பங்களில் கோழியும் முட்டையும் வாங்கிப் படகில் சிங்கப்பூருக்கு அனுப்புவதும் அவர் தொழில். மறுகரையில், துறைக்குச் சற்று மேலே, அவருக்கு ஒரு துண்டு நிலம் இருந்தது. மரக்கால்கள் மேல் நின்ற அத்தாப்பு ஓலைக் கூரை வீடு, மரவள்ளிக் கொல்லை, பெரிய கோழிக் கொட்டகை, அதில் நூறுக்குக் கொஞ்சம் குறைவாகக் கோழிகள். தீனி அவர் தருவார். பாடு இவர்களுடையது. முட்டையில் பாதிக்குப் பாதி.

முன்னே அங்கிருந்தவர்களைப் பற்றி அவர் எதையும் மறைக்கவில்லை. தங்கராஜு என்று ஒருவன், அவன் மனைவி தனலெட்சுமி. போன மழைக்காலத்தில் ஆறு ஏறி வந்தபோது கோழிகள் கொட்டகைக்குள் அடைபட்டிருந்தன. அவள் இடுப்பளவு தண்ணீரில் இறங்கிப் போய்க் கதவைத் திறந்துவிட்டாள். கோழிகள் பறந்து கூரையிலும் மரத்திலும் தொற்றிக்கொண்டன. அவளைத் தண்ணீர் இழுத்துக்கொண்டது. உடம்பு கிடைக்கவில்லை. அவள் சாகவில்லை, எங்கோ கரையேறியிருப்பாள் என்று சொல்லிக்கொண்டு தங்கராஜு ஆற்றோடு கீழே போனான். கழிமுகத்துப் பக்கம் மீன்பிடிக்காரர்களிடம் வேலை செய்கிறான் என்று கேள்வி.

அதற்குப் பிறகு கம்பத்து ஆள் ஒருவர் வந்து தீனி போட்டுவிட்டுப் போய்க்கொண்டிருந்தார். கரையில் கால் வைத்ததும் சாக்கைக் கவிழ்த்துவிட்டுத் திரும்பிப் பாராமல் படகேறிவிடுவார் என்பது ராசம்மாவுக்குப் பிறகுதான் தெரிந்தது.

ராசம்மா லயத்தில் கோழி வளர்த்தவள். கோழிகளுக்குள் ஒரு வரிசை உண்டு என்பது அவளுக்குத் தெரியும். எந்தக் கூட்டத்திலும் ஒன்று எல்லாவற்றையும் கொத்தும், அதை எதுவும் கொத்தாது. அடுத்தது அந்த ஒன்றிடம் மட்டும் கொத்து வாங்கி மற்றவற்றைக் கொத்தும். இப்படியே இறங்கிப் போய், கடைசியில் எல்லாரிடமும் கொத்து வாங்கி, பிடரியில் இறகில்லாமல், மற்றவை தின்று முடித்த பிறகு வந்து தரையைக் கிளறும் ஒன்று இருக்கும். வரிசை ஒழுங்காக நிற்கும்வரை கூட்டத்தில் சண்டை இராது. முட்டையும் குறையாது. அதனால் புது இடத்துக்கு வந்ததும் அவள் முதலில் செய்த காரியம், தீனி போட்டுவிட்டு ஓரமாகக் குந்தி உட்கார்ந்து எது எதற்கு வழிவிடுகிறது என்று பார்த்ததுதான்.

தீனித் தொட்டி, நீளமான மரத்தைக் குடைந்து செய்தது. ஒரு முனை கொட்டகையைப் பார்த்து இருந்தது. இன்னொரு முனை ஆற்றைப் பார்த்து, நட்டு வைத்த ஒரு மரக்கம்பத்தின் அடியில் முடிந்தது. கறுப்புப் பெட்டை ஒன்று முதலில் வந்தது. கால்கூடக் கறுப்பு, வயதானது, கொண்டை ஒரு பக்கம் மடிந்து கிடந்தது. சேவல்கள்கூட அதற்கு விலகி நின்றன. கூட்டத்துக்குத் தலைவி இவள்தான் என்று ராசம்மா நினைத்துக்கொண்டாள்.

பிறகுதான் அதைக் கவனித்தாள். கறுப்புப் பெட்டை தொட்டியின் ஆற்று முனைக்குப் போகவில்லை. ஒரு ஆள் நிற்கும் அகலத்துக்கு இடம் விட்டு, அதற்கு இப்பால் நின்று தின்றது. மற்றவையும் அந்த இடத்தை விட்டுவிட்டே நின்றன. அங்கே தவிடும் துருவிய தேங்காயும் குவிந்து கிடந்தன. பசியோடு பின்னால் முட்டி மோதிய கோழிகள் ஒன்றன் முதுகில் ஒன்று ஏறினவே தவிர, அந்தக் குவியலில் வாய் வைக்கவில்லை. நடுவில் ஒருமுறை கறுப்புப் பெட்டை தலையைத் தாழ்த்தி, உடம்பை ஒடுக்கி, ஒரு அடி பக்கவாட்டில் நகர்ந்தது. கீழ்க்கோழி மேல்கோழிக்கு வழிவிடும் நகர்வு அது. அதன் பக்கத்தில் எந்தக் கோழியும் இல்லை.

சாயங்காலம் இன்னொன்று. அடைகிற நேரத்தில் கோழிகள் கொட்டகைக்குப் போகாமல் ஆற்றங்கரைக்குப் போயின. சத்தமில்லாமல், தண்ணீரைப் பார்த்தபடி நின்றன. குஞ்சுகள்கூடக் கீச்சிடவில்லை. மஞ்சள் வெளிச்சம் தண்ணீரைவிட்டு நீங்கியதும் எல்லாம் ஒன்றாகத் திரும்பி, வரிசையாக நடந்து வந்து கொட்டகைக்குள் ஏறின. ராசம்மா கதவைச் சாத்தும்போது கவனித்தாள், அடையும் கழியிலும் கதவோரத்தில் ஒரு இடம் காலியாக இருந்தது.

லெட்சுமணன் இதையெல்லாம் பெரிதாக எடுக்கவில்லை. அந்த முனையில் பாம்பு ஏதாவது இருந்திருக்கும், பயந்திருக்கும் என்றான். கம்பத்தின் அடியைத் தோண்டிப் பார்த்தான். ஒன்றுமில்லை. தொட்டியைத் திருப்பிப் போட்டான். மறுநாள் காலையில் கோழிகள் அதே கம்பத்தடியை விட்டுவிட்டு நின்றன. தொட்டியில் இல்லை, இடத்தில்தான் என்று அப்போது புரிந்தது.

சேதம் மெல்ல மெல்லத் தெரிய ஆரம்பித்தது. முட்டைக் கூடைகள் பாதி வெறுமையாக இருந்தன. கோழிகள் இட்டன, ஆனால் கூடையில் இடவில்லை. கரைச்சரிவில் கோரைப்புல்லுக்குள் ஒரே குழியில் முட்டைகள் குவிந்து கிடப்பதை ராசம்மா கண்டுபிடித்தாள். அடியில் இருந்தவை அழுகி வெடித்திருந்தன. எதுவும் அங்கே அடைக்குப் படுக்கவில்லை. கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனதுபோல இருந்தது.

கூட்டத்தைப் புதுப்பித்தால் சரியாகும் என்று சாதிக் பாட்சா கம்பத்திலிருந்து ஒரு கூடை விடைக்கோழிகள், இன்னும் முட்டையிடாத இளசுகள், வாங்கி அனுப்பினார். புதுக்கோழிகளுக்கு எந்த மரியாதையும் தெரியாது. பசியில் ஓடிவந்து நேராகக் காலியிடத்தில் நின்று தின்றன. பழைய கோழிகள் தின்பதை நிறுத்தின. நிறுத்தி, தலையை நிமிர்த்திப் பார்த்தன. அன்று ஒன்றும் நடக்கவில்லை. மறுநாள் பகலில், ராசம்மா மரவள்ளிக்கு மண் அணைத்துக்கொண்டிருந்தபோது கொட்டகைப் பக்கம் சத்தம் கேட்டது. ஓடிப்போனாள். சிவப்பு விடை ஒன்றை எல்லாமாகச் சேர்ந்து கொத்திக்கொண்டிருந்தன. சண்டைக்காரக் கோழியின் வெறி எதுவும் இல்லை. ஒன்று கொத்திவிட்டு விலகும், அடுத்தது வந்து கொத்தும். வரிசையாக, தன் முறை வரும்வரை காத்து நின்று.

அந்த வாரத்துக்குள் புதுக்கோழிகளில் பாதி செத்தன. ரத்தம் ருசித்த கோழி நிறுத்தாது என்று பயந்து லெட்சுமணன் காயம்பட்டவற்றைத் தனியே அடைத்தான், காயத்தில் வேப்பெண்ணெயும் சாம்பலும் குழைத்துப் பூசினான். மிஞ்சிய புதுக்கோழிகளை மறுபடி அவிழ்த்துவிட்டபோது அவை நேராகத் தொட்டிக்குப் போயின. கம்பத்தடியை விட்டுவிட்டு நின்று தின்றன.

முட்டை எடுக்க வந்த சாதிக் பாட்சா இதைக் கேட்டுவிட்டுத் தொழில்காரனாக ஒரு வழி சொன்னார். கூட்டத்தைக் கெடுப்பது எப்போதும் தலைக்கோழிதான். அதைப் பிடித்துக் கண்ணுக்கு மறைவாகக் கொஞ்ச நாள் கூடையில் போட்டால் மற்றவை தமக்குள் சண்டை போட்டுப் புது வரிசை அமைத்துக்கொள்ளும். திரும்பி வரும்போது பழைய தலைவிக்குப் பழைய இடம் இராது.

கறுப்புப் பெட்டையைப் பிடித்துத் தம் கடைக்கே எடுத்துப்போனார். பத்துப் பன்னிரண்டு நாள் கழித்துக் கொண்டுவந்து விட்டார். இடையில் ஒரு சண்டைகூட நடக்கவில்லை. கறுப்புப் பெட்டை நின்ற இடத்தையும் சேர்த்துக் காலியாக விட்டிருந்தன. அது வந்தது, தன் இடத்தில் நின்றது, தலையைத் தாழ்த்தி ஒரு அடி நகர்ந்து வழிவிட்டது, தின்ன ஆரம்பித்தது.

சாதிக் பாட்சா வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, இது ஏன் பலிக்கவில்லை என்று விளங்கவில்லையே என்றார்.

ராசம்மா சொன்னாள்: "இது தலைக்கோழி இல்ல பாய். இதுக்கு மேல ஒருத்தி இருக்காங்க."

பாட்சா அன்று தேநீர்கூடக் குடிக்காமல் படகேறினார்.

மறுநாள் காலையில் ராசம்மா ஒரு காரியம் செய்தாள். லெட்சுமணன் வேண்டாமென்று சொல்லியும் அவள் கேட்கவில்லை. தீனியைக் கொட்டிவிட்டு அந்தக் காலியிடத்தில், கம்பத்தில் சாய்ந்து, தானே உட்கார்ந்தாள். கோழிகள் வந்தன, நின்றன. அவளைப் பார்க்கவில்லை. அவளுக்குச் சற்று மேலே, நிற்கிற ஒரு ஆளின் முகம் இருக்கக்கூடிய உயரத்தில் பார்த்தன. அவளுக்குத் தோளில் ஈரம் பட்டது. மழை இல்லை, வெயில் அடித்துக்கொண்டிருந்தது. ஆற்றுச் சேற்றின் வாடை, வெள்ளம் வடிந்த பிறகு வீட்டுக்குள் தங்குகிற அந்த வாடை, மூக்கருகே வந்தது. அப்போது கறுப்புப் பெட்டை நெருங்கி வந்து அவள் புறங்கையில் கொத்தியது. ரத்தம் வரும்படி, ஆனால் நிதானமாக. அதற்குப் பின்னால் அடுத்தது வந்து கொத்தியது. பிறகு அடுத்தது.

லெட்சுமணன் ஓடிவந்து அவளைத் தூக்கினான். அவள் கை முழுக்கக் காயம். கடைசியாகக் கொத்தியது, பிடரியில் இறகில்லாத அந்தக் கடைசிக் கோழி. இதுவரை அது கொத்துவதற்கு அந்தக் கூட்டத்தில் யாரும் இருந்ததில்லை.

அன்றுமுதல் ராசம்மா மாறிப்போனாள். கோழிகள் தின்று முடிக்கும்வரை அவள் சாப்பிடுவதில்லை. உலையிறக்கியதும் முதல் பிடி சோற்றை இலையில் வைத்துக் கம்பத்தடியில் கொண்டுபோய் வைத்தாள். சாயங்காலம் கோழிகளோடு கரையில் போய் நின்றாள், அவை திரும்பும்போது திரும்பினாள், கடைசிக் கோழிக்கும் பின்னால் நடந்து வந்தாள். வீட்டுப் படியில் ஏறும்போது வாசலில் ஒரு ஓரமாக ஒதுங்கி, யாரோ முன்னே நுழையட்டும் என்பதுபோலக் கொஞ்சம் நின்றுவிட்டு உள்ளே வந்தாள். முட்டை கூடியது. கொத்துச் சண்டை நின்றது. கோழிகள் அவளை எங்கே வைத்தனவோ அங்கே அவள் அடங்கிக்கொண்டாள். கூட்டத்துக்கு அது போதுமாயிருந்தது.

லெட்சுமணனுக்கு இதுதான் பயமாக இருந்தது. காலியிடத்தை அவனால் சகித்துக்கொள்ள முடிந்தது. தன் வீட்டுக்குள் மனைவி பாயின் பாதியில் யாருக்கோ இடம்விட்டுச் சுருண்டு படுப்பதை முடியவில்லை. வேறெங்காவது போய்விடலாம், மரம் வெட்டுகிறவர்களின் கொங்சிக் கொட்டகையில் கூலி கிடைக்கும் என்று கெஞ்சினான்.

"அவங்க தண்ணிக்குள்ள எறங்கி வந்து இதுங்களுக்குக் கதவு தொறந்துவிட்டாங்க," என்றாள் ராசம்மா. "போயிட்டாங்கன்னு இதுங்ககிட்ட யாரும் சொல்லலங்க. அவங்ககிட்டயும் யாரும் சொல்லல."

அந்தக் கடைசி வாக்கியம் லெட்சுமணனைத் தூக்கிவாரிப்போட்டது. மறுநாளே பாட்சாவின் படகில் ஏறி ஆற்றோடு கீழே போனான்.

தங்கராஜுவைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. கழிமுகத்துக் கம்பங்களில் அவனைத் தெரியாதவர் இல்லை. வலை இழுக்கிற வேலை செய்துகொண்டு, ஓய்ந்த நேரத்தில் கரையோர வீடுகளில் ஏறி, மூக்குத்தி போட்ட தமிழ்ப் பெண் ஒருத்தி கரையேறினாளா என்று கேட்டுக்கொண்டிருந்தான். கேட்ட வீட்டிலேயே மறுபடி மறுபடி கேட்டான். கம்பத்துக்காரர்கள் ஒவ்வொரு முறையும் பொறுமையோடு ‘இல்லை’ என்று சொல்லிச் சோறு போட்டு அனுப்புவார்கள். லெட்சுமணன் வந்த விஷயத்தைச் சொன்னபோது முதலில் அவன் முகம் மலர்ந்தது. அவள் திரும்பி வந்துவிட்டாளா என்று கேட்டான். லெட்சுமணன், வந்து பாருங்கண்ணே என்று மட்டும் சொன்னான்.

அவர்கள் வந்து இறங்கியது காலைத் தீனி நேரம். தங்கராஜு கரையேறி, தொட்டியையும் கோழிகளையும் பார்த்தான். காலியிடத்தைப் பார்த்தான். அங்கேயே நின்றுவிட்டான்.

அது அவள் நிற்கிற இடம் என்றான். அந்தக் கம்பத்தில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு, மறுகையில் ஒரு குச்சியோடு நிற்பாள். மற்றவை அடித்துத் துரத்தும் கோழிகளை அந்த ஓரத்தில் தன் காலடியில் விட்டுத் தின்ன வைப்பாள். பலமுள்ள கோழி அந்தப் பக்கம் வந்தால் குச்சியால் ஒரு தட்டு. கறுப்புப் பெட்டைக்கு அந்த நாளில் நிறையத் தட்டு விழுந்திருக்கிறது. லெட்சுமணனுக்கு இதைக் கேட்டதும் பாதிப் பாரம் இறங்கியதுபோல இருந்தது. அடிபட்ட பழக்கம், அவ்வளவுதானே என்றான்.

தங்கராஜு கோழிகள் அண்ணாந்து பார்த்த உயரத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

ராசம்மா கையில் கட்டோடு வந்து அவன் எதிரே நின்றாள். நேராகக் கேட்டாள். "அண்ணே, அவங்களுக்குச் செய்ய வேண்டியத செஞ்சிங்களா?"

செய்யவில்லை என்றான். உடம்பு கிடைக்காதவளுக்கு எப்படிச் செய்வது என்றான். செய்தால் அவள் செத்தாள் என்று தானே ஒப்புக்கொண்டதாகிவிடும் என்றும் தலையைக் குனிந்துகொண்டு சொன்னான்.

"நீங்க ஒத்துக்காததால அவங்க போக முடியல," என்றாள் ராசம்மா. "இங்கயே நிக்கிறாங்க. நனைஞ்ச துணியோட நிக்கிறாங்க அண்ணே."

அன்று பகலெல்லாம் அவன் கரையில் உட்கார்ந்திருந்தான். மறுநாள் பொழுது ஏறுவதற்குள் ஆற்றில் முழுகி எழுந்து, மழித்த தலையோடு வந்தான். கோரைப்புல்லில் ஒரு உருவம் முடைந்து, லெட்சுமணன் அடுக்கிக் கொடுத்த விறகில் வைத்து எரித்தான். சொல்லிக் கொடுக்க யாரும் இல்லை, லயத்தில் பார்த்ததையெல்லாம் மூவரும் நினைவுபடுத்திச் செய்தார்கள். சோற்றில் எள்ளைப் பிசைந்து மூன்று உருண்டை பிடித்து, இலையில் கரையோரமாக வைத்தான். காக்கையைக் கூப்பிட்டான். அந்தக் காட்டாற்றுப் பக்கம் காக்கை அரிது. கூப்பிட்டுக் கூப்பிட்டுக் குரல் கம்மியது. ஒரு காக்கையும் வரவில்லை.

கோழிகள் வந்தன.

கொட்டகைப் பக்கமிருந்து, கறுப்புப் பெட்டை முன்னே வர, வரிசையாக வந்தன. லெட்சுமணன் விரட்டப் போனான். ராசம்மா அவன் கையைப் பிடித்தாள். கறுப்புப் பெட்டை இலையருகே வந்து நின்றது. சோற்றைப் பார்த்தது. தின்னவில்லை. கழுத்தைத் திருப்பிக் கம்பத்தடியைப் பார்த்தது. எல்லாக் கோழிகளும் பார்த்தன.

பிறகு கூட்டம் நடுவில் பிரிந்தது. தொட்டியிலிருந்து இலைவரை ஒரு ஆள் நடக்கும் அகலத்துக்கு ஒரு பாதை உண்டானது. இரண்டு பக்கத்திலும் கோழிகள் உடம்பை ஒடுக்கி நின்றன. அவற்றின் தலைகள், ஒன்றன்பின் ஒன்றாக, கம்பத்தடிப் பக்கமிருந்து ஆற்றுப் பக்கமாகத் திரும்பின. மெதுவாக நடக்கிற ஒருவரைப் பார்வையால் பின்தொடர்வது போல. இலையருகே அந்தப் பார்வைகள் சிறிது தங்கின. தங்கராஜு இரண்டு கையையும் கூப்பியபடி விலகி வழிவிட்டான். பின்பு கோழிகளின் பார்வை கரைச்சரிவில் இறங்கியது, தண்ணீருக்குப் போனது, தண்ணீரின்மேல் கொஞ்ச தூரம் போய், கலைந்தது. ஒன்று தரையைக் கிளறியது. ஒரு சேவல் இறகை அடித்துக் கூவியது. மற்றவை சாதாரணக் கோழிகளாக இரைச்சலிட ஆரம்பித்தன.

கறுப்புப் பெட்டை குனிந்து சோற்றைக் கொத்தித் தின்றது.

"போயிட்டா," என்று சொல்லித் தங்கராஜு மண்ணில் உட்கார்ந்தான். அதற்குப் பிறகுதான் அவனுக்கு அழுகை வந்தது.

அன்று மத்தியானமே தொட்டியில் கலவரம் மூண்டது. கம்பத்தடிக்காகக் கோழிகள் அடித்துக்கொண்டன. ரத்தம் சிந்தும் அளவுக்கு இல்லை. இறகு பறந்தது, கூச்சல் காது பிளந்தது. இரண்டு மூன்று நாளில் வரிசை அமைந்தது. கறுப்புப் பெட்டை அந்த இடத்தைப் பிடித்தது. ஆனால் வெகுநாள் வைத்துக்கொள்ளவில்லை. வயதான கோழி, ஒரு இளம் பெட்டையிடம் தோற்றுக் கீழே இறங்கியது. தீபாவளிக்கு முன் ஒருநாள் கூட்டுக்குள் செத்துக் கிடந்தது. ராசம்மா அதை விற்கவுமில்லை, சமைக்கவுமில்லை. மரவள்ளிக் கொல்லையில் புதைத்தாள்.

தங்கராஜு கழிமுகத்துக்குத் திரும்பவில்லை. மாசாய்ப் பக்கம் ஒரு தோட்டத்தில் வேலைக்குச் சேர்ந்ததாகப் பாட்சா சொன்னார். ராசம்மாவின் கைக் காயங்கள் ஆறின. அவள் மறுபடி கணவனுக்குப் பக்கத்தில் கால் நீட்டிப் படுத்தாள். அந்த வருட மழைக்கு முன் லெட்சுமணன் கொட்டகையைப் பிரித்து மேட்டில் கட்டினான். கூடைகளில் முட்டை நிறைந்தது. பாட்சா இன்னும் ஒரு படகு கோழிக்கு ஏற்பாடு செய்தார்.

கோழிகள் ராசம்மாவுக்குப் பழகிவிட்டன. அவள் குரல் கேட்டால் காட்டுக்குள் மேய்கிறவைகூட ஓடிவந்தன. காலைச் சுற்றிவந்தன. அவள் நடந்தால் வழிவிட்டன, நின்றால் நின்றன. ஒருமுறை அவள் காய்ச்சலில் இரண்டு நாள் எழவில்லை. லெட்சுமணன் தீனி போட்டான். கோழிகள் தொட்டிக்கு வராமல் வீட்டுப் படிக்குக் கீழே கூடி, கதவைப் பார்த்துக்கொண்டு நின்றதாக அவன் சிரித்துக்கொண்டே சொன்னான். அவளுக்கு அது சந்தோஷமாக இருக்கும் என்று நினைத்துத்தான் சொன்னான்.

ராசம்மா சிரிக்கவில்லை. உடம்பு தேறியதும், தீனி போடும்போது தான் தலையில் கட்டும் புடவைத் துண்டை எடுத்து அவன் தலையில் கட்டிவிட்டு, தீனிக் கூடையை அவன் கையில் கொடுத்தாள். இனிமேல் ஒருநாள் அவள், ஒருநாள் அவன். அவன் போகாத நாளில் பாட்சாவின் படகுக்காரர். மாற்றி மாற்றி யாராவது.

ஏன் புள்ள இந்தச் சிரமம், உன்கிட்டதானே நல்லாத் தின்னுதுங்க என்று லெட்சுமணன் கேட்டான்.

"அதனாலதாங்க," என்றாள் அவள். "ஒரே ஆளுக்கு இதுங்க பழகக் கூடாது."